கணிதமும் கலையும்: உரை கேட்கக் கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கணிதத்துக்கும் கலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்காவது பொது உரை என்று அறிவிப்பு வந்தால் முடிந்தவரை போய்விடுவேன். பெரும்பாலும் சில மாணவர்களும் அவர்களுடைய வீட்டுப் பெரியவர்களும் கூட வருவார்கள். கிளம்பும் முன்பும், திரும்பி வரும்போது மின்சார ரயிலிலும் அவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கணக்கே வராது. போனால் புரியுமா?

புரியும். அறிவிப்பில் 'பொது உரை' என்று போட்டிருந்தால் எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். பெருக்கல், வகுத்தல், மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) தெரிந்தால் சரி. அதற்கு மேல் தேவைப்படுவதைப் பேசுகிறவரே படிப்படியாகச் சொல்லிவிடுவார். நடுவில் பத்து நிமிடம் பிடி நழுவிப் போகலாம். எனக்கும் போகும். அப்போது எழுந்து வந்துவிடாதீர்கள், அடுத்த படத்திலோ அடுத்த பாட்டிலோ மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம். 'ஆய்வரங்கு' என்று போட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். அது அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கானது.

கணக்கு வராது என்று என்னிடம் சொன்னவர்களில் பலர் தினமும் வாசலில் சிக்குக் கோலம் போடுகிறவர்கள். அவர்களுக்கு எது வராது என்று நினைக்கிறார்களோ, அதைத்தான் காலையில் அரிசி மாவில் செய்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

கோலத்தில் அப்படி என்ன கணக்கு இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஒரு வரிசைக்கு 4 புள்ளி, அப்படி 3 வரிசை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கம்பிகள், அதாவது கோலத்தின் கோடுகள், ஒன்றையொன்று குறுக்காக வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். இந்த இரண்டே விதிதான். கை எடுக்காமல் போட்டுக்கொண்டே போனால் 12 புள்ளியையும் சுற்றி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும். மொத்தம் ஒரே கம்பி. இப்போது 3 வரிசைக்கு 3 புள்ளி வைத்து அதே விதியில் போடுங்கள். கம்பி சீக்கிரமே திரும்பி வந்து மூடிக்கொள்ளும், சில புள்ளிகள் பாதி சுற்றப்படாமல் நிற்கும். இன்னொரு கம்பி, அப்புறம் இன்னொன்று என்று மூன்று தேவைப்படும்.

கம்பிகளின் எண்ணிக்கை இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. 3, 4 என்றால் 1. 3, 3 என்றால் 3. 4, 6 என்றால் 2. ஏன் என்று கேட்டால், கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஒரு காயைப் போலச் சாய்வாகப் போய் ஓரத்தில் பட்டுத் திரும்புகிறது. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே சமயத்தில் பழைய இடத்துக்கு வந்தால்தான் அது மூடிக்கொள்ளும். அந்த 'ஒரே சமயம்' என்பது மீ.பொ.ம. 3, 4-க்கு அது 12. மொத்தப் புள்ளியும் 12, ஆக ஒரே சுற்றில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. 3, 3-க்கு அது 3 மட்டுமே. 9 புள்ளியைத் தீர்க்க மூன்று சுற்று வேண்டும்.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். "சதுரமா புள்ளி வெச்சா கம்பி ஒட்டாது, ஒண்ணு கூட வை" என்று சொல்லிக்கொண்டேதான் எனக்குக் கோலம் சொல்லித்தந்தார். ஒன்று கூட வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்கள். அடுத்தடுத்த எண்களுக்குப் பொது வகுத்தி 1 மட்டும்தான். அம்மா சொன்னது தேற்றம் என்று எனக்குத் தெரியப் பல வருடம் ஆயிற்று.

இதைப் படிப்பாக எடுத்துக்கொண்டவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளர்ந்துகொண்டே போகும் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் கோலம் அப்படித்தான் இடம்பிடித்தது. தூரத்தில் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறார்கள். அங்கும் இதே மீ.பொ.வ. விதி வேலை செய்கிறது.

இசை பற்றிப் பேசும்போது தாளக் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கண்ணை மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கோர்வை, அதாவது வாசிப்பை முடிக்கும் சொற்கட்டு, சரியாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுகிறதா என்று காத்திருக்கிறார்.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32. மிருதங்கக்காரர் ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கிறார் என்று வையுங்கள். மூன்று முறை என்றால் நடுவில் இரண்டு இடைவெளி, அதாவது கார்வை. சொற்கட்டின் நீளத்தை மூன்றால் பெருக்கி, கார்வையின் நீளத்தை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் 32 வர வேண்டும்.

இப்போது யோசியுங்கள். 5 மாத்திரைச் சொல்லை, அதாவது 'ததிகிணதொம்' என்பதை எடுத்தால் மும்மடங்கு 15. மீதி 17. அதை இரண்டு சமமான இடைவெளியாகப் பிரிக்க முடியாது. ஆக ஒற்றைப்படை நீளம் எதுவுமே ஒரு சுற்றில் உட்காராது. இரட்டைப்படையில் 2, 4, 6, 8, 10 ஐந்தும் உட்காரும். 10-க்கு என்ன செய்வது? ததிகிணதொம் இரண்டு முறை, ஒரு மாத்திரை விடுவது. மறுபடியும் இரண்டு முறை, ஒரு மாத்திரை. கடைசியாக இரண்டு முறை. 10, 1, 10, 1, 10. கூட்டினால் 32. அடுத்த மாத்திரை சமம். கையில் தட்டிக்கொண்டே வாயால் சொல்லிப் பாருங்கள், முதல் இரண்டு தடவை எங்கேயோ தப்பும், மூன்றாம் தடவை வந்து விழும்போது உடம்பே நிமிர்ந்துவிடும். முழு எண்களில் மட்டும் விடை தேடும் இந்தச் சமன்பாட்டுக்குக் கணிதத்தில் டயோஃபாண்டஸ் என்ற பழைய கிரேக்கக் கணித அறிஞரின் பெயர் இருக்கிறது. கச்சேரி மேடையில் அதைப் பேப்பர் இல்லாமல், ஓடுகிற தாளத்துக்கு நடுவில் போடுகிறார்கள்.

ஒரு உரையில் பேசியவர் சமன்பாட்டைத் திரையில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "ஒரு தடவை தட்டிக் காட்டுங்க" என்றார். அரங்கம் முழுவதும் சேர்ந்து தட்டியது. அன்றைக்கு எல்லோருக்கும் நினைவில் நின்றது அந்த இரண்டு நிமிடம்தான்.

72 மேளகர்த்தா எப்படி வந்தது?

மேளகர்த்தா என்றால் ஏழு சுரமும் உள்ள தாய் ராகம். ஸ, ப இரண்டும் நகராது. ம-வுக்கு இரண்டு இடம். ஸ-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இருக்கும் 4 சுரத்தானங்களில் ரி, க என்று இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி. அதேபோல ப-வுக்கு மேலே த, நி-க்கு 6 வழி. 2, 6, 6 மூன்றையும் பெருக்கினால் 72. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி இந்தக் கட்டத்தை வரைந்தபோது அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவரே சொன்னது 19 மேளங்கள்தான். மிச்சம் வெறும் அறைகள். பின்னால் வந்த வாக்கேயக்காரர்கள் ஒவ்வொன்றாகக் குடியேறினார்கள். கணக்கு முன்னால் போய் இடம் பிடித்து வைத்து, பாட்டு பின்னால் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செய்யுளிலும் கணக்கு உண்டா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். உரைகளில் பெரும்பாலும் வடமொழி, பிராகிருத யாப்பைத்தான் சொல்வார்கள். லகு என்ற குறுகிய ஒலி 1 மாத்திரை, குரு என்ற நீண்ட ஒலி 2 மாத்திரை. 4 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? 5 விதம். 5 மாத்திரையை 8 விதம். 6 மாத்திரையை 13 விதம். கடைசி எழுத்து லகுவாக இருந்தால் அதற்கு முன் ஒரு மாத்திரை குறைவான வரி, குருவாக இருந்தால் இரண்டு குறைவான வரி. அதனால் முந்தைய இரண்டு எண்ணையும் கூட்டினால் அடுத்தது. யாப்பு நூல் எழுதிய விரகாங்கர் இதைச் சொன்னார், ஹேமச்சந்திரர் 1150 வாக்கில் சொன்னார். இதே எண்களைத் தரும் இத்தாலிக்காரர் ஃபிபோனாச்சியின் முயல் கணக்கு வந்தது 1202-இல். 2014-இல் கணிதத்தின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய மஞ்சுல் பார்கவா தபேலாவும் வாசிப்பவர். இந்த எண்களை அவர் ஹேமச்சந்திர எண்கள் என்றே சொல்லிப் பேசிவருகிறார்.

தமிழ் யாப்பில் கணக்கு வேறு மாதிரி போகும். நமக்கு அசை இரண்டே: நேர், நிரை. ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போவதுதான். சரி, இதை வைத்து ஒரு கேள்வி: குறள் வெண்பாவுக்கு எத்தனை விதமான அமைப்பு இருக்க முடியும்?

வெண்பாவில் வரக்கூடிய சீர் 8: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம், நான்கு காய்ச்சீர். தளை விதி: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். முதல் சீருக்கு 8 வழி. அது முடிந்ததுமே அடுத்த சீர் நேரில் தொடங்குமா நிரையில் தொடங்குமா என்பது தீர்மானமாகிவிடும். நேரில் தொடங்கும் சீர் 4, நிரையில் தொடங்குவதும் 4. ஆக இரண்டாவது சீரிலிருந்து ஆறாவது வரை ஒவ்வொன்றுக்கும் 4 வழி. கடைசிச் சீர் நேரில் தொடங்கினால் நாள் அல்லது காசு, நிரையில் தொடங்கினால் மலர் அல்லது பிறப்பு. எப்படியும் 2 வழி. 8-ஐ ஐந்து முறை 4-ஆல் பெருக்கி, பிறகு 2-ஆல் பெருக்குங்கள். 16384. இரண்டைப் பதினான்கு முறை பெருக்கினால் வருவதும் அதுவே. 1330 குறளுக்கும் தனித்தனி அமைப்பு கொடுத்தாலும் இன்னும் 15 ஆயிரத்துக்கு மேல் காலியாக இருக்கும்.

முதல் குறளையே அலகிட்டுப் பாருங்கள். அகர புளிமா, முதல புளிமா, எழுத்தெல்லாம் புளிமாங்காய், ஆதி தேமா, பகவன் புளிமா, முதற்றே புளிமா, உலகு பிறப்பு. ஏழு சீரில் ஐந்து இடத்தில் மா முன் நிரை, ஒரே இடத்தில் காய் முன் நேர். அந்த ஓர் இடம் 'ஆதி'. நிரை நிரையாக நடந்து வந்த வாய் அங்கேதான் சட்டென்று நின்று நீள்கிறது. சத்தமாகச் சொன்னால் கேட்கும்.

தங்க விகிதம் பற்றி அவசியம் பேசுவார்களா?

பேசுவார்கள். 1.618 என்ற எண், சுருள் போட்ட படம், அதன்மேல் ஏதாவது ஒரு கோயில் அல்லது முகம். இங்கே மட்டும் கவனமாக இருங்கள். கிரேக்கத்தின் பார்த்தினான் கோயிலை அந்த விகிதத்தை வைத்துத்தான் கட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாட்டிலஸ் சங்கின் சுருளும் தங்கச் சுருள் அல்ல, அளந்து பார்த்தால் வளர்ச்சி வேறு கணக்கில் போகிறது. சூரியகாந்தியில் ஒரு பக்கம் 34 சுருள், மறுபக்கம் 55 சுருள் என்று எண்ண முடிவது உண்மை. படத்தில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார்கள் என்று பாருங்கள். அது தெளிவாக இல்லையென்றால், கேள்வி நேரத்தில் அதையே மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான தொடர்புகள் இவ்வளவு இருக்கும்போது பொய்யான ஒன்றைச் சொல்லிக் குழந்தைகளைக் கைதட்ட வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓவியர்கள் உண்மையிலேயே கணிதம் படித்தார்களா, இல்லை பின்னால் வந்தவர்கள் சொல்வதா?

இரண்டும் உண்டு. எஷர் கதையைக் கேளுங்கள். நெதர்லாந்துக்காரர், பள்ளியில் கணக்கில் சுமாரான மாணவர். 1936-இல் இரண்டாம் முறையாக ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போய் அங்கிருந்த ஓட்டுச் சித்திரங்களை நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்துகொண்டார். தளத்தை ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்து நிரப்பும் முறைகளில் 17 வகைச் சமச்சீர்தான் உண்டு என்பது 1891-லேயே ஃபெடரோவ் நிரூபித்தது. எஷர் இதைப் பற்றிப் பின்னால் வந்த கணிதக் கட்டுரைகளின் படங்களைப் பார்த்துத் தானே ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். 1954-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு நடந்தபோது அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே வந்த இளைஞர் ரோஜர் பென்ரோஸ் பார்த்துவிட்டு ஊருக்குப் போய், இருக்கவே முடியாத ஒரு முக்கோணத்தை வரைந்தார். அவரும் அவருடைய அப்பாவும் 1958-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டு எஷருக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து எஷர் முடிவில்லாத படிக்கட்டையும் தனக்குத்தானே ஓடும் அருவியையும் வரைந்தார். யார் யாரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2023-இல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்பவர், கணிதப் பேராசிரியர் அல்ல, ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி. அட்டையை வெட்டி வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் 13 பக்கம் உள்ள ஒரு வடிவத்தைக் கண்டார். அதை மட்டும் வைத்துத் தளம் முழுவதையும் நிரப்பலாம், ஆனால் அதே அமைப்பு சீராகத் திரும்ப வரவே வராது. அப்படி ஒற்றை வடிவம் இருக்கிறதா என்று பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து அவரோடு நிரூபித்தார்கள். தொப்பி போல இருப்பதால் பெயரே தொப்பி.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

கட்டம் போட்ட நோட்டு, பென்சில். போதும். படம் எடுக்க ஃபோனைத் தூக்காதீர்கள். கையால் ஒரு முறை வரைந்தால் நிற்பது, நூறு படம் எடுத்தாலும் நிற்காது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஆறாம் வகுப்பிலிருந்து தாராளமாக. அதற்குக் கீழே என்றால் செய்முறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஓரத்து இருக்கையில் உட்காருங்கள், சலிப்பு வந்தால் வெளியே போய்விட்டு வரலாம். "என்ன புரிஞ்சுது, சொல்லு பார்க்கலாம்" என்று வீட்டுக்கு வந்ததும் பரீட்சை வைக்காதீர்கள்.

ஆங்கிலத்தில்தானே பேசுவார்கள்?

சென்னையில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். சில சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் பாதித் தடை போய்விடும். சிமெட்ரி என்றால் சமச்சீர். டைலிங் என்றால் இடைவெளியோ மேற்படிதலோ இல்லாமல் ஓடு பதிப்பது. ப்ரூஃப் என்றால் நிரூபணம். கேள்வியைத் தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். நான் போன இடங்களில் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லாமல் இருந்ததில்லை.

எங்கே நடக்கும்? வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா?

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் பொது உரைகள் நடத்துகிறது, அவர்களுடைய அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்க உரைகளில் தாளம், மேளம் பற்றியவை வரும்போது தவறவிடாதீர்கள். வீட்டிலிருந்தே என்றால் லண்டன் கிரெஷம் கல்லூரியின் உரைகள் இணையத்தில் இலவசம். 1597 முதல் பொதுமக்களுக்காகவே உரை நடத்திவரும் இடம். அங்கே வடிவியல் பேராசிரியர் பதவியில் 2020-இல் அமர்ந்த முதல் பெண் சாரா ஹார்ட். இசை, இலக்கியம், ஓவியம் எல்லாவற்றோடும் கணிதத்தைச் சேர்த்துப் பேசியிருக்கிறார். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இப்படிக் கணக்குப் பார்த்தால் ரசனை போய்விடாதா?

என் மாணவி ஒருத்தி, பரதம் ஆடுகிறவள், உண்மையான கவலையோடு கேட்டாள். எனக்குப் போகவில்லை. 10, 1, 10, 1, 10 என்று தெரிந்த பிறகுதான் அந்த ஒரு மாத்திரை மௌனத்துக்காகக் காத்திருக்கவே கற்றுக்கொண்டேன். அதற்கு முன் அது என் காதில் விழுந்ததே இல்லை.

வந்த பிறகு வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

அந்த 3-க்கு 3 கோலத்தையே மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கம்பியையும் மூன்று நிறத்தில் போடுங்கள். கம்பிகள் வெட்டிக்கொள்ளும் இடம் மொத்தம் 12 இருக்கும். அதில் ஏதாவது ஓர் இடத்தில் வெட்ட விடாமல், இரண்டு வளைவாகப் பிரித்து விடுங்கள். எந்த இடமானாலும் சரி, மூன்று கம்பி இரண்டாகிவிடும். இன்னும் ஓர் இடத்தைப் பிரித்தால் ஒரே கம்பியாக வேண்டும். ஆனால் இந்த இரண்டாவது இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மிச்சமுள்ள 11-இல் 8 இடம் சரிவரும், 3 இடம் சரிவராது. அந்த 3 எவை, ஏன் என்று நிறத்தைப் பார்த்தாலே தெரியும். போட்டுப் பாருங்கள்.